தலைவலிக்கு 50, பிறகு 30, மீண்டும் 50

2021 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, டெக்சாஸில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் தபால் பெட்டியில் தடித்த வெள்ளை உறை ஒன்று கிடந்தது. கொரோனாவால் தள்ளிக்கொண்டே போன பயணத்தை ஒருவழியாக முடித்து, திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகாத அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏ ஐயா, கவர்மென்டு கடுதாசியா? நல்ல சேதிதானே?" என்று கேட்டார். முதல் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு, "ஒன்னுமில்லம்மா" என்றேன். படைப்பணியில் வந்த என் தலைவலிக்கு அளிக்கப்பட்டிருந்த 50 சதவீத இயலாமை மதிப்பீட்டை, அதாவது மாதாமாதம் எனக்கு வரும் இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் எண்ணை, 30 சதவீதமாகக் குறைக்க முன்மொழிவதாக அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் அந்தக் கடிதம் சொன்னது.

நான் அமெரிக்கத் தரைப்படையில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவன். மேற்படிப்புக்காக வந்த ஒரு தமிழ் மாணவன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று கேட்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் மாவ்னி என்ற சேர்க்கைத் திட்டம் தொடங்கியது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) இல்லாத, ஆனால் சட்டப்படி தங்கியிருந்த மருத்துவர்களையும் குறிப்பிட்ட அயல்மொழிகள் தெரிந்தவர்களையும் படையில் சேர்த்துக்கொண்ட அந்தத் திட்டத்தின் மொழிப்பட்டியலில் தமிழும் இருந்தது. 2010இல் சேர்ந்தேன். தெற்குக் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில் அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமை உறுதிமொழியும் எடுத்தாயிற்று. 2012இல் காந்தஹார் மாகாணத்தில் நாங்கள் சென்ற கவச வண்டியின் அடியில் சாலையோரக் குண்டு வெடித்தது. வண்டி தாங்கியது, நாங்களும் பிழைத்தோம். ஆனால் அன்று தொடங்கிய தலைவலியும் இடது காதின் இரைச்சலும் 2015இல் சீருடையைக் கழற்றிய பிறகும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன.

காதிரைச்சலுக்கு 10 சதவீதம். ஒரு காதானாலும் இரு காதானாலும் அதற்கு அவ்வளவுதான். தலைவலிக்கு முதலில் 30 சதவீதம் தந்தார்கள். நிலைமை மோசமாகி, 2017 ஏப்ரல் 3ஆம் தேதி மதிப்பீட்டை உயர்த்தக் கோரி விண்ணப்பித்தேன். ஒரு நரம்பியல் மருத்துவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பரிசோதித்தார். அந்த ஆண்டு நவம்பரில் 50 சதவீதம் என்று தீர்ப்பு வந்தது, விண்ணப்பித்த நாளான ஏப்ரல் 3 முதல் நடைமுறைக்கு வருவதாக. இந்த இரண்டு தேதிகளையும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் பல மாதங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தலைவலிக்கான மதிப்பீடு வலியின் அளவைப் பார்த்து வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கூட்டரசு விதித்தொகுப்பின் 38ஆம் தலைப்பில், நோய்க்குறி எண் 8100இன் கீழ், ஒற்றைத் தலைவலிக்கு நான்கே படிகள் உள்ளன. ஆளைச் சாய்த்துவிடும் தாக்குதல் கடந்த பல மாதங்களில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்தால் 10 சதவீதம், மாதத்துக்கு ஒன்று வந்தால் 30, அதைவிட அரிதாக வந்தால் சுழியம். உச்சப்படியான 50 சதவீதத்துக்கு, மிக அடிக்கடி வருகிற, முழுமையாகச் சாய்த்துவிடுகிற, நீண்ட நேரம் நீடிக்கிற தாக்குதல்கள் வேண்டும். அவை ஒருவரின் பிழைப்பைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். "மிக அடிக்கடி" என்றால் எத்தனை முறை என்று விதி சொல்லவில்லை. "சாய்த்துவிடும்" என்று நான் எழுதியிருக்கும் சொல்லுக்கும் விதியில் விளக்கம் இல்லை. ஆங்கிலத்தில் அவர்கள் பயன்படுத்தும் சொல், நாம் கோயிலில் விழுந்து வணங்குவதற்கும் பயன்படுகிற சொல்தான். நெடுஞ்சாண்கிடை என்று தமிழில் சொன்னபோதுதான் அதன் பொருள் எனக்கு உடம்பில் உறைத்தது: முகம் தரையில், கை கால் நீட்டி, எழ வலுவின்றி. குளியலறையின் குளிர்ந்த ஓட்டுத் தரையில் நான் அப்படிக் கிடந்த நாட்களின் எண்ணிக்கைதான் இங்கே கேள்வி. வலி பத்துக்கு எட்டா ஒன்பதா என்பது யாருக்கும் வேண்டியதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் 2021 அக்டோபர் 14ஆம் தேதி நான் கோட்டைவிட்டிருந்தேன். துறை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த ஒரு நிறுவனத்தின் பரிசோதகர் என்னை மறுபரிசோதனை செய்தார். இருபது நிமிடம் இருக்கும். அன்போடுதான் பேசினார், "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்றேன். நம் ஊரில் யார் கேட்டாலும் அதுதான் பதில். படையிலும் அதுதான் பதில். இரண்டு வளர்ப்பும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. பெரிய தாக்குதல் எத்தனை முறை என்று கேட்டபோது, வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்து மருத்துவமனை வரை போக நேர்கிற அந்த மிகப் பெரியதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "மாதம் ஒன்று" என்றேன். வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று வந்து, இருட்டறையில் நாலைந்து மணி நேரம் படுக்க வைக்கிறவற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவை என் அகராதியில் "சின்னது". பரிசோதகர் படிவத்தில் மாதம் ஒன்று என்ற கட்டத்தில் குறியிட்டு, தற்போதைய சிகிச்சையில் நன்றாகச் சமாளிப்பதாக முன்னாள் வீரரே கூறுகிறார் என்று ஒரு வரியும் எழுதிவிட்டார். பொய்யில்லை. நான் சொன்னதுதான்.

கடிதம் வந்த முதல் இரண்டு வாரங்கள் கோபத்திலும் தன்னிரக்கத்திலும் போயின. எனக்கு இன்னும் வலிக்கிறது என்பதை நிரூபிக்கப் பதினொரு பக்கக் கடிதம் ஒன்றை எழுதினேன். அதில் காந்தஹார் இருந்தது, வண்டி இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், எல்லாம் இருந்தது. முன்னாள் வீரர்களுக்கான ஒரு சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். (இந்தச் சங்கங்களின் பிரதிநிதிகள் கட்டணம் வாங்குவதில்லை. வழக்கறிஞர் வைத்தால், முதல் தீர்ப்புக்குப் பிறகுதான் அவர் கட்டணம் கேட்க முடியும். நிலுவைத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது வழக்கம்.) வியட்நாமில் பணியாற்றிய அந்த முதியவர் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மற்றதை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "நீ நோயாளி என்று நீ நிரூபிக்க வேண்டியதில்லை, மகனே. நீ தேறிவிட்டாய் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்" என்றார்.

அந்த வாக்கியத்தின் கனம் எனக்கு உடனே விளங்கவில்லை. உயர்வு கேட்டுப் போகும்போது சான்று காட்டும் பொறுப்பு நம்முடையது. ஆனால் ஏற்கெனவே தந்ததைப் பறிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. உண்மையான முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது என்பதையும், அந்த முன்னேற்றம் அன்றாட வாழ்க்கையிலும் வேலையிலும் அந்த வீரர் இயங்கும் திறனை உயர்த்தியிருக்கிறது என்பதையும் துறைதான் காட்ட வேண்டும் என்று முன்னாள் வீரர்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒரு பரிசோதனைத் தாளில் குறி வேறு கட்டத்துக்கு மாறியிருப்பது மட்டுமே முன்னேற்றம் ஆகிவிடாது. அதற்கும் மேலாக, துறை தன் விதிகளைப் பின்பற்றாமல் குறைத்திருந்தால், அந்தக் குறைப்பு தொடக்கத்திலிருந்தே செல்லாததாகி, பழைய மதிப்பீடு அப்படியே திரும்பி வரும்.

கடிதத்தில் இரண்டு கெடுக்கள் இருந்தன. கடிதத் தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் சான்றுகள் அனுப்பலாம். 30 நாட்களுக்குள் நேர்முக விசாரணை கேட்கலாம். விசாரணை கேட்டிருந்தால், அது முடிந்து தீர்ப்பு வரும்வரை பழைய தொகையே வந்துகொண்டிருக்கும். நான் கேட்கவில்லை. விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் கூண்டும் நீதிபதியும் மனத்தில் வந்து நின்றன. அது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது என்று பிறகு தெரிந்தபோது ஜனவரி 5ஆம் தேதி கடந்துவிட்டிருந்தது. நான் பிரதிநிதியைப் பார்க்கப் போனது அதற்கு இரண்டு நாள் கழித்து. இந்தத் தவற்றை நான் யார்மீதும் சுமத்த முடியாது.

மிச்சமிருந்தது நான்கு வாரம். அதில் நாங்கள் அனுப்பியவை மூன்றே பொருட்கள்.

முதலாவது, நாட்காட்டி. இந்திய மளிகைக் கடைகளில் ஆண்டுதோறும் இலவசமாகத் தருவார்களே, மேலே முருகனோ மகாலட்சுமியோ சிரிக்க, கீழே கட்டங்களில் ராகு காலமும் எமகண்டமும் அச்சிட்ட மாத நாட்காட்டி, அது என் சமையலறைச் சுவரில் எப்போதும் தொங்கும். தலைவலி வந்த நாளை அதில் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவது 2018 முதல் எனக்கிருந்த பழக்கம். படுக்க வேண்டி வந்தால் வட்டத்துக்குள் ஒரு கோடு. வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு கோடு. மருத்துவருக்காகத் தொடங்கி, பிறகு யாருக்காகவும் இல்லாமல் தொடர்ந்த கணக்கு. நாற்பத்தெட்டுத் தாள்களைப் படியெடுத்துக் கொடுத்தேன். பிரதிநிதி வெகுநேரம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அமாவாசைக்கு அச்சிட்டிருந்த கரும்புள்ளியைக் காட்டி, "இது எந்த வகைத் தாக்குதல்?" என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகு, ஓர் அட்டவணைக் குறிப்பு எழுதி மேலே வைக்கச் சொன்னார்: எது என் கையெழுத்து, எது அச்சகத்தாருடையது என்று.

அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. 2020 மார்ச் வரை மாதத்துக்கு எட்டு, ஒன்பது கோடிட்ட வட்டங்கள். அதன் பிறகு ஐந்து, நான்கு. 2021 நவம்பரில் திடீரென்று மீண்டும் ஒன்பது. நான் ஒரு கல்லூரியின் கணினி உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். 2020 மார்ச்சிலிருந்து 2021 அக்டோபர் இறுதிவரை எல்லாரையும்போல வீட்டிலிருந்தே வேலை செய்தேன். திரையின் ஒளியைக் குறைத்து, சன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, வலி தொடங்கினால் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பிறகு தொடர்ந்த காலம் அது. நவம்பர் 1ஆம் தேதி குழல்விளக்குகளின் கீழே திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஆக, அக்டோபர் 14இல் பரிசோதகர் கண்ட முன்னேற்றம், சன்னலில் போர்வை தொங்குகிற ஒரு வாழ்க்கையின் முன்னேற்றம். அதோடு, என் நரம்பியல் மருத்துவர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் போடாக்ஸ் ஊசியை நான் செப்டம்பர் 23இல்தான் போட்டிருந்தேன். நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் சுருக் சுருக்கென்று குத்துவார்கள். குத்தி மூன்று வாரம் ஆகும்போது என் உடம்பு ஒத்துழைக்கும், பத்தாவது வாரத்தில் மருந்து வடிந்துபோய் வட்டங்கள் நெருங்கிவரும். பரிசோதனை நாள் நல்ல வாரத்தின் நடுவில் விழுந்திருந்தது.

இரண்டாவது, வேலை. குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 12 வாரம் வரை ஊதியமில்லா விடுப்பைத் துண்டு துண்டாகவும் எடுக்கலாம்; என் விடுப்புப் பதிவில் அந்தத் துண்டுகள் தேதி வாரியாக இருந்தன, நாட்காட்டியின் இரட்டைக் கோடுகளோடு ஏறக்குறைய பொருந்தின. இரண்டு தேதிகள் பொருந்தவில்லை. அவற்றைத் திருத்தலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது, அப்படியே விட்டுவிட்டேன். வேலையில் இருக்கிற ஒருவனுக்கு எப்படி 50 சதவீதம் என்று கேட்கலாம். 2004ஆம் ஆண்டின் பியர்ஸ் வழக்கில் அதற்குப் பதில் இருக்கிறது: விதி கேட்பது பிழைப்பைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய தாக்குதல்களைத்தான், வேலையை முற்றிலும் இழந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. என் மேற்பார்வையாளர் அரைப் பக்கத்தில், நான் இல்லாத நாட்களில் என் வேலையை யார் யார் பார்த்தார்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பாராட்டு எதுவும் எழுத வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது, அம்மா. டிசம்பர் 18ஆம் தேதி சனிக்கிழமை காலையில் நான் குளியலறைத் தரையில் கிடந்ததைப் பார்த்தவர் அவர். அதுவரை தொலைபேசியில் "நல்லா இருக்கேம்மா" என்று ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பொய் அன்று முடிந்தது. பார்த்ததை எழுதித் தர முடியுமா என்று கேட்டதும், கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்துச் சமையல் மேடையில் வைத்து, உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கினார். "காலை ஆறேகாலுக்கு வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தரையில் குப்புறக் கிடக்கிறான். விளக்கைப் போட்டேன், அணைக்கச் சொல்லிக் கத்தினான், என்னிடம் அவன் அப்படிக் கத்தினதே இல்லை. பதினொன்றரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கஞ்சி கொண்டுபோனேன், வாடை ஆகவில்லை என்று தள்ளிவிட்டான். நான் வந்ததிலிருந்து இப்படி ஏழு நாள்." இவ்வளவுதான். என் பதினொரு பக்கத்தில் இல்லாத எல்லாம் இதில் இருந்தது: மணி, இடம், எவ்வளவு நேரம், எத்தனை நாள். மொழிபெயர்த்துத் தந்த நண்பன் பிள்ளையார் சுழியை என்ன செய்வது என்று கேட்டான். சமயக் குறியீடு என்று அடைப்பில் போடச் சொன்னேன். தமிழ் மூலமும் ஆங்கில வடிவமும் சேர்ந்தே போயின.

இவையெல்லாம் பிப்ரவரி 4ஆம் தேதிக் கெடுவுக்கு முன்பே துறையின் கோப்பில் ஏறின. அதன் பயன் அப்போது தெரியவில்லை; ஏனென்றால் ஏப்ரல் 12 தேதியிட்ட இறுதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே வரியில் கடந்துபோனது. தாங்கள் அனுப்பியவற்றைப் பரிசீலித்தோம், அக்டோபர் பரிசோதனை முன்னேற்றத்தைக் காட்டுகிறது, ஜூலை 1 முதல் 30 சதவீதம். கடிதத் தேதியிலிருந்து 60 நாள் முடிகிற மாதத்தின் கடைசி நாள்வரை பழைய தொகை வரவேண்டும் என்பது விதி. அதை மட்டும் சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

பணக்கணக்கு இது. சதவீதங்களை நேரே கூட்டுவதில்லை. 50 போக மிச்சமிருக்கும் 50இல் பத்து சதவீதம் 5, ஆக 55, அதை அருகிலுள்ள பத்துக்கு ஏற்றி 60. குறைத்த பிறகு, 30 போக மிச்சம் 70இல் பத்து சதவீதம் 7, ஆக 37, அது 40. அந்த ஆண்டு மணமாகாத ஒருவருக்கு 60 சதவீதத்துக்கு மாதம் 1,214.03 டாலர்; 40 சதவீதத்துக்கு 673.28. ஆகஸ்ட் 1ஆம் தேதி வங்கிக் கணக்கில் 540 டாலர் குறைவாக விழுந்தபோது, அம்மா ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார். சொல்லவில்லை.

மேல்முறையீட்டுக்கு ஓர் ஆண்டு அவகாசம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மூன்று வழிகள் உண்டு. புதிய சான்று இருந்தால் துணைக் கோரிக்கை. சான்று போதும், தீர்ப்பில்தான் பிழை என்றால் மேல்நிலை மறுஆய்வு. அதில் அனுபவம் மிகுந்த இன்னோர் அலுவலர் அதே கோப்பைப் புதிதாகப் பார்ப்பார், ஆனால் ஒரு தாளைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போவது. அது நீண்ட வரிசை. நான் துணைக் கோரிக்கைக்குப் போகத் துடித்தேன், ஏனென்றால் என் பதினொரு பக்கம் இன்னும் என் பையில்தான் இருந்தது. பிரதிநிதி தடுத்தார். இறுதிக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை விரலால் தொட்டுக் காட்டினார்: மதிப்பீடு நடைமுறையில் இருந்த காலம் ஐந்து ஆண்டுக்கும் குறைவு என்பதால், முன்னேற்றம் காட்டும் மறுபரிசோதனை ஒன்றே போதுமானது.

அதே விதித்தொகுப்பின் 3.344ஆம் பிரிவு இது. மதிப்பீடு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடித்திருந்தால், அதைத் தொடுவது எளிதல்ல. முன்பு மதிப்பீடு வழங்கக் காரணமான பரிசோதனையைவிடக் குறைவான பரிசோதனையை வைத்துக் குறைக்கக் கூடாது. வலிப்பு, ஆஸ்துமா, குடற்புண் என்று உதாரணம் காட்டி, விட்டுவிட்டு வருகிற நோய்களில் ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக் குறைக்கக் கூடாது, எல்லாச் சான்றுகளும் சேர்ந்து நிலைத்த முன்னேற்றத்தைத் தெளிவாகக் காட்டினாலொழிய. அந்த முன்னேற்றம் இயல்பான வாழ்க்கைச் சூழலிலும் நீடிக்கும் என்று நியாயமாக உறுதிப்பட வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைவு என்றால் இந்தக் காவல் எதுவும் இல்லை.

மதிப்பீட்டு அலுவலர், 2017 நவம்பரில் வந்த தீர்ப்பின் தேதியிலிருந்து எண்ணியிருந்தார். அப்படி எண்ணினால் 2022 ஜூலை வரை நான்கு ஆண்டு ஏழரை மாதம். ஆனால் எண்ண வேண்டியது மதிப்பீடு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து, குறைப்பு நடைமுறைக்கு வரும் நாள்வரை. அதையும் அந்த பிரவுன் வழக்குதான் சொல்கிறது. 2017 ஏப்ரல் 3 முதல் 2022 ஜூலை 1 வரை ஐந்து ஆண்டும் ஏறக்குறைய மூன்று மாதமும் ஆகிறது. முதியவர் இதை ஜனவரியிலேயே பார்த்திருக்கக் கூடாதா என்று அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி எரிச்சல்பட்டேன். முன்மொழிவுக் கடிதத்தில் இந்த வாக்கியமே இல்லை என்பது மறுநாள் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

செப்டம்பரில் மேல்நிலை மறுஆய்வுக்கான 20-0996 எண் படிவத்தை அனுப்பினோம், அலுவலரோடு தொலைபேசியில் பேச விரும்புகிறோம் என்ற கட்டத்தில் குறியிட்டு. மறுஆய்வுக்குச் சராசரியாக 125 நாள் என்பது துறை தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு. அழைப்பு டிசம்பரில் ஒரு காலை பத்து மணிக்கு வந்தது. நான், முதியவர், மறுமுனையில் ஒரு பெண்மணி. முதியவர் தேதிகளை மட்டும் சொன்னார். விசைப்பலகை ஓசை கேட்டது. பிறகு சற்று நேரம் அதுவும் இல்லை. "ஏப்ரல் 3, ஆம், பார்க்கிறேன்" என்றார் அவர். அடுத்து 2017இன் ஒரு மணி நேரப் பரிசோதனையையும் 2021இன் இருபது நிமிடத்தையும், போடாக்ஸ் தேதியையும், விதியில் மருந்து பற்றிய பேச்சே இல்லாத நோய்க்கு மருந்து தரும் நிவாரணத்தை வைத்து மதிப்பிடக் கூடாது என்று 2012இல் நீதிமன்றம் ஜோன்ஸ் வழக்கில் சொல்லியிருந்ததையும் முதியவர் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தைப் பற்றி நான் பேசினேன். கடைசியில் அந்தப் பெண்மணி என்னிடம், "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதாகத்தான் இருக்கும். "பரவா..." என்று தொடங்கிவிட்டேன். முதியவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். "நேற்று மதியம் மூன்று மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை படுத்திருந்தேன்" என்றேன். அது உண்மை.

2023 பிப்ரவரி 6 தேதியிட்ட தீர்ப்பு இரண்டே பத்தி. மதிப்பீடு ஐந்து ஆண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்திருக்கிறது, 3.344ஆம் பிரிவு பின்பற்றப்படவில்லை. எனவே குறைப்பு தொடக்கம் முதல் செல்லாது. 50 சதவீதம் 2022 ஜூலை 1 முதல் மீட்டளிக்கப்படுகிறது. ஏழு மாத வித்தியாசம், நடுவில் டிசம்பரில் வந்த விலைவாசி உயர்வையும் சேர்த்து, 3,879 டாலர் சில்லறை கணக்கில் வந்து விழுந்தது. நாட்காட்டியைப் பற்றியோ அம்மாவின் தாளைப் பற்றியோ தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "நான் எழுதினதப் படிச்சாவளா?" என்றுதான் முதலில் கேட்டார். படித்தார்கள் என்று சொன்னேன். இது நான் அவரிடம் சொன்ன அடுத்த பொய்யாக இருக்கலாம்.

இதே நிலையில் இருந்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பிய இருவருக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். நான் வென்றது நாட்கணக்கில். எனக்குத் தலைவலி இருக்கிறது என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. சரியான முறையில் குறைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். மறுபடி ஒரு பரிசோதனைக்கு அழைத்து, இந்த முறை விதிப்படியே முன்மொழிய அவர்களுக்கு உரிமை உண்டு. மதிப்பீடு 20 ஆண்டு நிலைத்து நின்ற பிறகுதான், மோசடி இருந்தாலொழிய, அதை அசைக்க முடியாது. என் கணக்கில் அது 2037 ஏப்ரல். அதுவரை மளிகைக் கடைக்காரர் நாட்காட்டி தருவதை நிறுத்தாமல் இருக்க வேண்டும். இந்த மாதத் தாளில் இன்றைய தேதிவரை ஆறு வட்டங்கள், அவற்றில் நான்கில் கோடு, ஒன்றில் இரட்டைக் கோடு.